நலச் சங்கம் கட்டிய ஊர்

கணினி விளையாட்டுகளில் உயர்ந்தது எது என்ற கேள்விக்குப் பதினொரு வயதிலேயே நான் விடை கண்டுபிடித்துவிட்டேன். ஊரைக் கட்டி ஆளும் விளையாட்டுதான் உயர்ந்தது. ஒற்றை ஆளாக வேடம் போட்டுக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றுகிற விளையாட்டு வேலைவெட்டி இல்லாதவர்களுக்கானது. இப்போது விளையாட்டுகளைப் பற்றி எழுதித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நாலு பேர் மதிக்கும்படி எழுதுவதாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்த வயதில் இருந்த நிச்சயம் பிறகு ஒருநாளும் எனக்கு வாய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அஸ்தினாபுரத்தில் நாங்கள் இருந்த நகருக்குக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று உண்டு. சங்கத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையும், அறைக்குள் ஒரு கேரம் போர்டும், மடக்கு நாற்காலிகளும், எப்போதும் ரிப்பேரில் இருக்கும் கொசுப்புகை இயந்திரமும் உண்டு. சங்கத் தலைவர் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது அவர் ஒன்றைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் நகர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்று முன்னேறட்டும் என்று அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கீபோர்டின் மேல் ஒரு சாமந்தியும் வைத்தார்கள். அந்தப் பூவின் இதழ் ஒன்று ஏதோ ஒரு பொத்தானுக்கடியில் போய், அது பொங்கல் வரைக்கும் அழுந்தவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கோவிலம்பாக்கத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். டைப்பிங் பழகும் மென்பொருளைப் போட்டுத்தரச் சொல்லிச் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், போட்டார், போகிற போக்கில் இரண்டு விளையாட்டுகளையும் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் நீளமான ஆங்கிலப் பெயர்கள். எங்கள் வாயில் நுழையாததால் ஒன்று ஊர் கேம் ஆயிற்று, இன்னொன்று ஆள் கேம் ஆயிற்று.

ஊர் கேமில் வெற்று நிலமும் ஓர் ஆறும் பத்துப் பன்னிரண்டு ஜனங்களும் கொடுப்பார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, களஞ்சியம் நிரப்பி, கொள்ளைக்காரர்கள் வருவதற்குள் மதில் எழுப்பிவிட வேண்டும். சும்மா நிற்கிற ஆள் ஒருவர் இருந்தாலும் திரையின் மூலையில் தூங்குகிற ஒரு தலை மினுக்கிக்கொண்டே இருக்கும். அதை அழுத்தினால் அந்தச் சோம்பேறி எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொடுக்கும். என் ஊரில் அந்தத் தலை மினுக்கியதே கிடையாது. எனக்கு அதில் பெரிய கர்வம்.

ஆள் கேம் என் அண்ணனுடையது. அதில் ஒரே ஒரு வீரன். உலகத்தையே விழுங்க ஒரு பூதம் கிளம்பி வந்துகொண்டிருக்கும். இவனோ வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று கதை பேசுவான், காணாமல் போன கோழியைத் தேடிக்கொடுப்பான், கருமானுக்குக் கரி வாங்கிவந்து தருவான். அதுவரைக்கும் பூதம் மலைக்கு அந்தப் பக்கம் மரியாதையாகக் காத்திருக்கும். இது அபத்தம் என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அச்சில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவன். "உன் கேம்ல யாருக்காவது பேர் இருக்காடி?" என்று மட்டும் கேட்பான். பேர் எதற்கு, வேலை நடந்தால் போதாதா என்பேன். இந்தச் சண்டை பள்ளிக்குப் போகும்போதும் நடக்கும், சாப்பிடும்போதும் நடக்கும், பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு நடக்கும்.

இப்படி இருக்கையில்தான் விளையாட்டுகளை அழித்துவிட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் வேறு யாரும் இல்லை, எங்கள் அம்மாதான்.

அம்மா கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் தண்ணீர் லாரி வரும். லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையில் நின்றாக வேண்டும். குடங்களை நிரப்பிக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறி, டிரம்மில் கொட்டி, மறுபடி இறங்கிப் போய், அதற்குப் பிறகு சமைத்து, எங்களைக் கிளப்பிவிட்டு, குரோம்பேட்டைக்கு ஓடிப்போய் ரயில் பிடிப்பாள். சாயங்காலம் வந்தால் வீட்டில் நாங்கள் இருக்க மாட்டோம், சங்கத்து அறையில் இருப்போம். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தீர்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை. அரைப்பரீட்சை மார்க்கில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பொதுக்குழு கூடியது. தட்டில் மிக்சர் வந்தது. அம்மா எழுந்து நின்று, இந்த விளையாட்டுகளால் பிள்ளைகள் வீட்டை மறந்துவிட்டார்கள், டைப்பிங் மட்டும் இருக்கட்டும், மற்றதைத் தன் தம்பியை விட்டே அழிக்கச் சொல்கிறேன் என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எந்தத் தீர்மானம் வந்தாலும் கை தூக்குகிற உறுப்பினர். அன்றைக்கும் கையைத் தூக்கத் தயாராக மிக்சரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

காப்பாற்றியவர் செயலாளர். ஓய்வுபெற்ற இன்ஜினீயர், எதையும் முறைப்படி செய்கிறவர். "பார்க்காம எப்படிங்க தடை பண்றது? பசங்களே போட்டுக் காட்டட்டும்," என்றார். எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மூத்தவன் என்பதால் அண்ணன் முதலில். அவனுடைய வீரன் ஒரு கிராமத்துக்குள் போனான். முதல் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். வீட்டுக்காரி அடுப்பு ஊதிக்கொண்டிருக்க, இவன் பாட்டுக்குப் பரணில் இருந்த பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒன்றிலிருந்து வெள்ளிக்காசையும் இன்னொன்றிலிருந்து மருந்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

எங்கள் நகர் உருவாவதற்கு முன்பிருந்தே அந்தப் பக்கம் குடியிருந்தவர் டென்ட் ஹவுஸ் அண்ணன். ஊர் விசேஷங்களுக்கெல்லாம் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். பாத்திரத்தின் மேல் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. "இன்னாபா இவன், வூட்டாண்ட பொம்பள உக்காந்துகினு கீது, இவன் உள்ள பூந்து பானைய உருட்டறான்? கேக்க ஆளில்லியா?" என்றார்.

"அவன் ஹீரோ அண்ணா, எடுக்கலாம்," என்றான் என் அண்ணன்.

"ஹீரோன்னா எட்த்துக்கலாமா!"

அத்தோடு ஆள் கேமின் கதை முடிந்தது. அறையே கொதித்துப் போயிற்று. நான் உள்ளுக்குள் குதித்தேன். வேடம் போடும் விளையாட்டுகளின் அடிப்படைக் கோளாறு இது என்று பிற்பாடு நான் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த மனிதர் பானையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் சிவந்து எழுந்துகொண்டான். நான் போய் உட்கார்ந்து ஊர் கேமைத் திறந்தேன்.

வெற்று நிலம் வந்தது. ஆறு வந்தது. செயலாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். "லேஅவுட் நாமளே போடலாமா?" என்று கேட்டார். போடலாம் சார் என்றேன். அவ்வளவுதான். தடை செய்ய வந்த சங்கம் அந்த நிமிடத்திலிருந்து ஊர் கட்டத் தொடங்கிவிட்டது.

எங்கள் நகரில் அவர்கள் ஒரு சாக்கடைக்காக வருஷக்கணக்கில் மனு கொடுத்து நடந்தவர்கள். இங்கே மவுஸைத் தட்டினால் தெரு வந்தது. இன்னொரு தட்டுக்கு வடிகால் வந்தது. தலைவர், "இங்க பாருங்க, தண்ணி நிக்கவே இல்ல!" என்று குழந்தை மாதிரி கத்தினார். அகலமான தெருக்கள், மூலைக்கு மூலை விளக்குத்தூண். எல்லாம் முறைப்படி. ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கை தூக்குவார்கள், பிறகு நான் தட்டுவேன். அப்பா எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்.

கிணறு எங்கே தோண்டுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். விளையாட்டில் நேரத்தை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று என் அண்ணன் பின்னாலிருந்து யோசனை சொன்னான். நிறுத்தி விளையாடுவது கோழைகளின் வழி என்று நான் மறுத்துவிட்டேன். ஊர் நடுவில் இருந்த சபா மண்டபத்தின் வாசலில் தோண்டுவது என்று கடைசியில் முடிவாயிற்று. நம் சங்கத்து போர்வெல்லும் சங்கத்து அறை வாசலில்தானே இருக்கிறது என்றார் தலைவர். அதற்கு வழிமொழிய ஆள் தேடிக்கொண்டிருந்தபோது கொள்ளைக்காரர்கள் வந்து களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

"கண்டனம் தெரிவிக்கிறேன்," என்றார் செயலாளர், பழக்கதோஷத்தில்.

"கண்டனம் இன்னாத்துக்கு சார்? செவுரு கட்டு சார்!" என்றார் டென்ட் ஹவுஸ் அண்ணன்.

மண்டப வாசலில் கிணற்றைத் தோண்டிய கையோடு மதிலுக்கும் தீர்மானம் போட்டார்கள். இருக்கிற கல்லையெல்லாம் மதிலுக்கென்று ஒதுக்கிவைத்தோம். எல்லோரும் நாற்காலியின் நுனியில் இருந்தார்கள். மிக்சர் தட்டு தொடுவாரில்லாமல் கிடந்தது. விளையாட்டு பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மட்டும் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் நியாயமான மனிதர். "தீர்மானம் உங்களோடது மேடம். நீங்களும் ஒருதடவை கையில எடுத்துப் பாருங்க," என்று என்னை எழுப்பி அம்மாவை உட்கார வைத்தார். அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது. இட்லி மாவில் கை வைப்பது போல உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். நான் அருகில் நின்றேன். மதிலை எங்கே தொடங்கலாம், எத்தனை பேரைக் கல் சுமக்க அனுப்பலாம் என்று சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

அம்மா திரையின் ஓரத்தைக் காட்டினாள். வடக்குக் கோடி வரிசையிலிருந்து ஒரு பெண் உருவம், சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துக் கிணறு வரைக்கும் போயிற்று. குனிந்தது. திரும்பி அத்தனை தெருவையும் கடந்து வீட்டுக்குப் போயிற்று. உடனே மறுபடியும் கிளம்பியது.

"யாருடீ இவ?"

"ஜனம்மா. அவங்களுக்கெல்லாம் பேர் கிடையாது. தண்ணி எடுக்கறது அவ வேலை," என்றேன்.

"ஆரம்பத்துலேர்ந்து இவ நடந்துட்டே இருக்கா."

நல்ல வேலைக்காரி என்று அம்மா பாராட்டுவதாக நினைத்து, என் ஊரில் எல்லோருமே அப்படித்தான் என்றேன்.

கிணற்றுக்கு எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டினேன். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு மவுஸ் அம்பைக் கொண்டுபோய்த் தட்டினாள். மதிலுக்கென்று சபை முழுவதும் கை தூக்கி ஒதுக்கிய கல், கண் முன்னால் கிணறாகிப் போனது. தலைவர் ஐயோ என்றார். "மேடம், அது செவுத்துக்கு வெச்ச கல்லு மேடம்!" என்றார் செயலாளர். இத்தனைக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு கிணறு இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தப் பெண் வாசலிலேயே குடத்தை நிரப்பினாள். வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அங்கும் இங்கும் ஒருமுறை திரும்பினாள். பிறகு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அந்த விளையாட்டில் ஜனங்கள் உட்காருவார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் யாரையும் அதுவரைக்கும் விட்டு வைத்ததில்லையே.

மூலையில் தூங்குகிற தலை மினுக்கத் தொடங்கியது.

"அம்மா! சும்மா உக்காந்திருக்கா பாரு! வயலுக்கு அனுப்பு!"

"தெரியுது."

"அந்தத் தலைய அழுத்தும்மா, வேலை குடு!"

"இருக்கட்டும்டீ," என்றாள் அம்மா.

கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் எல்லோரும் ஏதேதோ யோசனை சொன்னார்கள். கொள்ளைக்காரர்கள் திரும்ப வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ஊதுகொம்பு ஒலித்தது. அம்மாவுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்த என் அண்ணன், அம்மா என் கட்சி என்று காதோடு சொன்னான். அம்மா எந்தக் கட்சியும் இல்லை, அம்மாவுக்கு விளையாடத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நான் திருப்பிச் சொன்னேன்.

பிறகு அம்மா எழுந்தாள். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். விளையாட்டுகள் இருக்கலாம், ஆனால் விளக்கு வைப்பதற்குள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டாள். எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் ஊரைத் தொடர்ந்து கட்டலாம் என்று செயலாளர் என்னை அதைச் சேமித்து வைக்கச் சொல்லி, தானே கம்ப்யூட்டரை அணைத்துப் பூப்போட்ட உறையைப் போர்த்தினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அம்மாவின் ஆட்டத்தில் இருந்த பிழைகளை விளக்கிக்கொண்டு வந்தேன். கல் வீண். ஓர் ஆள் வீண். மதில் இல்லாத ஊர் எப்படிப் பிழைக்கும்? அம்மா உம் கொட்டிக்கொண்டு வந்தாள். என் முதல் விமர்சனம் அதுதான், குறுக்கே பேசாமல் கேட்ட வாசகியும் அவள்தான்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகச் சங்கத்து அறைக்கு ஓடினேன். ஊரைத் திறந்தேன். அந்தப் பெண் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலை மினுக்கிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அவளை எழுப்பிக் கல் குவாரிக்கு அனுப்பினேன். மற்ற ஜனங்களையும் விரட்டினேன். சாயங்காலத்துக்குள் மதில் பாதி எழும்பிவிட்டது.

அம்மா ரயிலை விட்டு இறங்கி வரும் வழியில், டிபன் பாக்ஸ் பையோடு, அறை வாசலில் வந்து நின்றாள். அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று அவசரமாகச் சேமிக்கப் போனேன். அம்மா உள்ளே வந்து, குனிந்து, திரையின் வடக்குக் கோடியைத் தேடினாள்.

"அவ எங்கடீ?"

"கல்லுடைக்கப் போயிருக்கா. நீ செலவு பண்ண கல்ல எப்படி ஈடு கட்டறதாம்?"

"கொஞ்ச நேரமாவது உக்காந்திருந்தாளா?"

"எங்க? நேத்து நீ எழுந்த உடனே ஆஃப் பண்ணிட்டாங்களே. ஆஃப்ல இருந்தா அங்க நேரமே ஓடாதும்மா. இன்னிக்கு ஆன் பண்ண உடனே நான் அனுப்பிட்டேன்."

அம்மா சிரித்தாள். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என் தலையை ஒருமுறை தடவினாள். "நல்லாத்தான் ஆடுற," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.